வேகக் கோட்டின் மேல் நான்கு படங்கள்

என் வீட்டுக்காரர் என்னிடம் உதவி என்று கேட்பதே அபூர்வம். கேட்டால் அது சின்ன விஷயமாக இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, நீ ஆபிஸ்ல போடுவியே கிராஃப், அது மாதிரி எனக்கும் ஒன்னு போட்டுத் தர முடியுமா?" என்றார். மறுநாள் காலை அவருக்குக் கம்பெனியில் விசாரணை. அதில் தோற்றால் வேலை போய்விடும்.

அவர் கிள்ளானில் கொண்டேனர் லோரி ஓட்டுகிறவர். துறைமுகத்துப் பக்கத்து யார்டில் பெட்டியை ஏற்றிக்கொண்டு மேரு என்கிற ஊருக்கு அந்தப்பக்கம் இருக்கிற கிடங்குகளில் இறக்க வேண்டும். சில வாரங்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, காலைச் சந்தை கூடுகிற பாசாருக்குப் பக்கத்துச் சாலையில், இவருக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா விழுந்து கையை முறித்துக்கொண்டார். சாலையில் கொட்டிக் கிடந்த மணலில் அவராகவே சறுக்கி விழுந்தார், நான் மெதுவாகத்தான் பின்னால் வந்தேன், லோரியை நிறுத்தி இறங்கித் தூக்கிவிட்டேன், ஒரு காரை மறித்து ஏற்றி அனுப்பினேன் என்பது இவர் சொல்வது. லோரி ஒன்று வேகமாக நெருக்கிக்கொண்டு வந்ததால் பயந்துபோய் விழுந்தேன் என்பது அந்த அம்மா சொல்வது. வலியில் யார் தூக்கினார்கள் என்பதே அவருக்கு நினைவில்லை. யாரோ லோரி எண்ணைக் குறித்துக் கொடுக்க, அவருடைய மகன் கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டார்.

இவர் செய்த கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். சொந்தக் காசில் வாங்கி முன் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி, "நீங்களே பாருங்க" என்று பாதுகாப்பு அதிகாரியிடம் தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஓடும்போது பதிவாகிற வீடியோ அதற்குள் அழிந்து, அதன் மேல் புதிது ஏறிவிட்டிருந்தது. பட்டனை அழுத்தி எடுத்த படங்கள் மட்டும் மிச்சம். அதில் ஒன்று அந்த அம்மா சாலையில் விழுந்து கிடக்கிற படம். மூலையில் நேரம் அச்சாகியிருந்தது. அதிகாரி அந்த நேரத்துக்கு லோரியின் வேகப் பதிவில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். எழுபத்தாறு. ஐம்பதைத் தாண்டக் கூடாத சாலை அது. அதற்குப் பிறகும் பல நிமிடங்களுக்கு லோரி நின்றதாகப் பதிவில் இல்லை. விழுந்து கிடந்தவரைப் படம் பிடித்துவிட்டு நிறுத்தாமலே போனவர் என்று குற்றச்சாட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பழைய லோரி. புது லோரிகளில் எந்த இடத்தில் போகிறது என்பதும் பதிவாகும். இவருடையதில் நேரமும் வேகமும்தான். மெமரி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேகப் பதிவின் நகலையும் குற்றச்சாட்டோடு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். பெரிய பெரிய பட்டியலாக, எண்ணுக்குக் கீழே எண்ணாக, பார்க்கிறவர் கண் பூத்துப் போகிற மாதிரி.

"அவங்க நம்பர மட்டும்தான் பாக்கறாங்கமா. நீ படத்தோட போட்டுக் குடுத்தேன்னா, நான் எங்க நின்னேன், எங்க மெதுவாப் போனேன்னு புரிஞ்சிக்குவாங்க."

அவர் அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு துளி சந்தேகம் இல்லை. வரைபடம் என்று ஒன்று போட்டால் அது தன் பக்கம்தான் பேசும் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தார்.

நான் பங்சாரில் ஒரு சின்ன அலுவலகத்தில் காற்றுத் தூசியும் கட்டுமான இரைச்சலும் அளந்து அறிக்கை எழுதுகிற வேலையில் இருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் சுட்டியை வைத்து இழுத்து இழுத்துப் படம் போடுவார்கள். நான் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வரைகிற பழைய மென்பொருளை விடுவதே இல்லை. "இன்னும் இதையா கட்டிக்கிட்டு அழற?" என்று கேட்காத ஆளில்லை. கேட்கட்டும். அதில் ஒரு குறிப்பு எழுத வேண்டுமா, ஓர் அம்புக்குறி போட வேண்டுமா, ஒரு புகைப்படத்தை வரைபடத்துக்குள் வைக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் எந்த இடம் என்று எண்ணால் சொல்ல வேண்டும். இங்கே வைத்தால் அழகாக இருக்கும், அங்கே வைத்தால் நமக்குச் சாதகமாக இருக்கும் என்கிற பேச்சுக்கே இடமில்லை. ஒன்பது மணிக்கு எடுத்த படம் என்றால் ஒன்பது மணிக்கு நேராகத்தான் போய் உட்காரும். எனக்குப் பிடித்ததே அதுதான். அன்றைக்கு அதுவே என் கழுத்துக்குக் கத்தியாக வந்து நின்றது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில் எங்கள் சாப்பாட்டு மேசைதான் எனக்கு மேசை. பட்டியலை உள்ளே ஏற்றினேன். வேகப் பதிவு உலக நேரத்தில் இருந்தது, அதனால் எட்டு மணி நேரம் கூட்டினேன். நேரத்தில் ஏமாறுகிற ஆள் நான் இல்லை என்று எனக்கு நானே ஒரு சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன். கோடு வந்தது. யார்டில் தரையோடு படுத்திருந்து, பிறகு ஏறி, இறங்கி, நடுவில் எழுபதுக்கு மேல் நீளமாக ஓடி, மறுபடி இறங்கியது.

விழுந்து கிடந்த அம்மாவின் படத்தை அதில் வைத்தேன். முதல் தடவை அளவு சொல்ல மறந்துவிட்டேன். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அந்த மென்பொருள் ஒரு நொடியாக எடுத்துக்கொண்டது, உயரத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கிலோமீட்டர் வேகம். அரை மணி நேர அகலத்துக்கும் ஆயிரம் கிலோமீட்டர் வேகத்து உயரத்துக்கும் படம் விரிந்து, லோரியின் கோடு அடியில் ஒரு நூலாக நசுங்கிவிட்டது. "என்னமா இது, விமானமா ஓட்டுனேன் நான்?" என்று பின்னால் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் அன்றைக்குக் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

அளவைச் சுருக்கி, படத்தின் நேரத்தைக் கொடுத்து, அங்கிருந்து கோட்டுக்கு ஓர் அம்புக்குறி போட்டேன். அம்பு போய்த் தொட்ட இடம் எழுபத்தாறு. அதைத்தான் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தார்களே, எண்ணில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வரைபடத்தில் பார்த்தபோது நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். கோடு அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம்கூட இல்லாமல் நேராகப் போனது. முன்னாலும் பின்னாலும் பல நிமிடங்களுக்கு நின்ற அடையாளமே இல்லை. நிறுத்தி, இறங்கி, தூக்கி, கார் மறித்து ஏற்றி அனுப்பினேன் என்கிறார். அதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரமும் லோரி தானாகவா ஓடியது?

"நீங்க நிறுத்தவே இல்ல" என்றேன்.

"என்னா பேசற? நிறுத்துனேன்."

"இங்க பாருங்க. எங்க நிறுத்தினீங்க? காட்டுங்க."

அவர் குனிந்து பார்த்தார். கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினார். முகம் மாறியது. "மெஷின் தப்புமா" என்றார்.

மெஷின் தப்பு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சொல்வது அதுதானே, எங்கள் அலுவலகத்தில் இரைச்சல் அளவு கூடிப்போன கான்ட்ராக்டர்களும் முதலில் சொல்வது அதைத்தான். கத்தினேன். ஒரு பொம்பள ரோட்டுல கெடக்கறா, அவளப் படம் புடிச்சிட்டுப் போயிட்டு, வீட்டுல வந்து நான்தான் தூக்குனேன்னு கதை சொல்றீங்களா என்று கேட்டேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்டேன் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அந்தச் சம்பவம் நடந்த அன்று மாலை அவர் எனக்கு அதைச் சொன்னபோது நான் அவருக்கு இரண்டு மீன் துண்டு கூட வைத்தேன். அது நினைவுக்கு வந்து இன்னும் எரிந்தது.

"தூக்குனேன்" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. "அந்த ஆன்டி கையில காப்பு இருந்திச்சி. வளைஞ்சி போயி உள்ள அழுத்திக்கிட்டு இருந்திச்சி. நான்தான் மெல்ல இழுத்து விட்டேன். பொய்யாடி சொல்றேன்?"

அவர் என்னை 'டி' போட்டுக் கூப்பிடுவது இல்லை. அவர் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். கீழே மோனோரயில் போகிற சத்தம் வந்தது. நாளைக்கு இந்தக் காகிதத்தை இவர் கையில் கொடுத்து அனுப்பினால், அவர்கள் தேட வேண்டிய ஆதாரத்தை நானே அம்புக்குறி போட்டுக் காட்டின மாதிரி ஆகிவிடும். கொடுக்காமல் விட்டால் வெறுங்கையோடு போவார். இரண்டிலும் வேலை போகும். ஐம்பதை நெருங்குகிற வயதில், இப்படி ஒரு குற்றச்சாட்டோடு வெளியே வந்தவருக்கு எந்தக் கம்பெனி லோரிச் சாவியைக் கொடுக்கும்?

அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்திருப்பேன். ஆனால் கார்டில் அன்றைக்கு எடுத்த படம் இன்னும் மூன்று இருந்தது. லோரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழியில் எங்கே தாமதமானாலும் பட்டனைத் தட்டி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள், ஆபிஸில் ஏன் லேட் என்று கேட்டால் காட்டுவதற்கு. அதில் ஒன்று காலையில் புறப்படும் முன் யார்டு வாசலில் எடுத்தது. இன்னொன்று சாலைக் கட்டணம் கட்டுகிற டோலில். மூன்றாவது, சாலை தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு ஆள் சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு வண்டிகளை நிறுத்தி வைத்திருப்பது. நம்பிக்கை ஏதும் வந்து அவற்றைப் போடவில்லை. எல்லாவற்றையும் போட்டு, பாருங்க, எங்கே எல்லாம் நின்றீர்கள், அங்கே மட்டும்தான் நிற்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும் என்கிற ஆத்திரத்தில் போட்டேன்.

டோல் படம் போய் உட்கார்ந்தது. அதற்கு நேரே கோடு அறுபதைக் காட்டியது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டோல் தடுப்பு லோரியின் மூக்குக்கு முன்னால் இறங்கிக் கிடக்கிறது. முன்னால் ஒரு வெள்ளை வேன் அப்போதுதான் தாண்டிப் போகிறது. இறங்கிய தடுப்புக்கு முன்னால் ஒரு லோரி அறுபதில் போகுமா? போனால் தடுப்பு தூள் தூளாகியிருக்கும். சிவப்புப் பலகை ஆளின் படத்தைப் போட்டேன். ஐம்பதுக்கு மேல். அந்த ஆள் பலகையில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விடுகிறார், வாய் தெளிவாகத் தெரிகிறது.

"இங்க வாங்க" என்றேன். அவர் வந்தார். "உங்க கேமராவுல டைம் சரியா இருக்கா?"

ஒரு கணம் தயங்கினார். "சரியாத்தான் இருக்கு."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"சரியாத்தான் இருக்குங்கறேன்ல" என்று பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தத் திருப்பல் தெரியாதா. நான் கட்டளையில் ஒரே ஒரு எண்ணைச் சேர்த்தேன். படங்கள் எல்லாம் இத்தனை நிமிடம் தள்ளி வரவேண்டும் என்று. முதலில் ஐந்து. நான்கு படங்களும் ஒன்றாக வலப்பக்கம் நகர்ந்தன, ஒன்றும் பொருந்தவில்லை. பத்து. டோல் படம் சரிவில் தொங்கியது. கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். நான்கும் ஒரே நேரத்தில் போய் நான்கு பள்ளத்தில் விழுந்தன. வாசல் படம், கோடு தரையிலிருந்து எழும்புவதற்குச் சற்று முன்னால். டோல், ஒரு குறுகிய பள்ளத்தில். பலகை ஆள், கொஞ்சம் அகலமான பள்ளத்தில். கடைசியாக அந்த அம்மாவின் படம். அது விழுந்த பள்ளம்தான் எல்லாவற்றிலும் அகலம். வேகம் முப்பதிலிருந்து மெல்ல இறங்கி, சுழியத்தில் வந்து, நெடுநேரம் அங்கேயே கிடந்தது. ஒரு ஆள் இறங்கி, ஒரு பெண்ணைத் தூக்கி, காப்பை இழுத்துவிட்டு, கார் மறித்து ஏற்றி அனுப்பி, மோட்டார் சைக்கிளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு ஏறிவர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். "நின்னிருக்கீங்க" என்றேன்.

"அதத்தானே நானும் சொல்றேன்" என்றார்.

"அப்ப கேமரா டைம் ஏன் பின்னால போகுது?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ராகு காலம் பார்க்கிறவள். நாளெல்லாம் எண்ணும் கோடுமாக வேலை செய்கிறவள் இதை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது, நம்புகிறேன், அவ்வளவுதான். அதிலும் இந்த ஊருக்கு அச்சடித்த நாட்காட்டியைத்தான் பார்ப்பேன். தமிழ்நாட்டு நாட்காட்டியில் திங்கட்கிழமை ஏழரைக்கே ராகு காலம் தொடங்கிவிடும். நமக்கு இங்கே சூரியன் உதிப்பதே ஏழுக்கு மேல், அதனால் எட்டரைக்கு மேல்தான் வரும். அவ்வளவு பெரிய லோரியை எடுத்துக்கொண்டு போகிறவர் அதற்கு முன்னால் யார்டைத் தாண்டிவிட வேண்டும் என்பது என் கண்டிப்பு. ஒரு வருடம் ராகு காலத்தில் கிளம்பிய அன்றைக்கு டயர் வெடித்தது, அதிலிருந்து நான் விடுவதில்லை. புறப்படும்போது வாசலில் அந்தக் கேமராவில் ஒரு படம் எடுப்பார். டோலில் வண்டி நின்றதும் அதைப் போனில் இறக்கி எனக்கு அனுப்புவார். நான் மூலையில் இருக்கிற நேரத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வேலையைத் தொடங்குவேன்.

"யார்டுல எட்டரைக்குள்ள யாரும்மா விடறான்? பெட்டி சீல் பாக்கணும், பேப்பர் வரணும். திங்கக்கெழம ஆனா நீ போன்ல கத்தற. கத்திட்டு நாள் முழுக்கப் பயந்துக்கிட்டு வேற இருக்கற. சாப்பிட மாட்டேங்கற. அதான் கேமரா டைம கொஞ்சம் பின்னால தள்ளி வச்சேன்."

"எப்பலருந்து?"

"ரொம்ப நாளாச்சி."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். ஒரு பக்கம் இவர் ஒரு குற்றமும் செய்யவில்லை என்கிற ஆறுதல். இன்னொரு பக்கம், இத்தனை நாள் காலையில் நான் படத்தைப் பார்த்துச் சாமிக்கு நன்றி சொன்னதெல்லாம் வெறும் நாடகத்துக்கா என்கிற கொதிப்பு. "என்னை ஒரு முட்டாளாவே ஆக்கிட்டீங்களே" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கு மேல் சண்டை போட நேரமில்லை. காரணத்தை நாளைக்கு அங்கே சொல்லவேண்டும் என்றேன். முடியாது என்றார். "ராகு காலத்துக்குப் பயந்து கேமரா டைமத் திருப்பி வச்சவன்னு டிப்போ முழுக்கச் சிரிப்பானுங்க. வெளிய தலை காட்ட முடியாது." வேலை போனால் டிப்போவுக்கே போக வேண்டியதில்லை, அப்புறம் யார் சிரித்தால் என்ன என்று கேட்டேன். நான் படங்களுக்குக் கீழே குறிப்புகளை ஆங்கிலத்திலும் மலாயிலும் தட்டி, அம்புகளைச் சரிசெய்து அச்செடுத்தேன். ஏன் நேரம் தவறாக இருந்தது என்கிற வரியை மட்டும் எழுதவில்லை, அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

சாட்சி ஒருவரைக் கூட்டி வரலாம் என்று இருந்ததால் நானும் போனேன். கிள்ளானுக்குப் போகிற கொமியூட்டர் ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். விசாரணை சரியாக ராகு காலத்தில் வைத்திருந்தார்கள். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அறையில் மூன்று பேர். நடுவில் சீனர், லோரிகளின் ஓட்டத்தைக் கவனிக்கிற மேனேஜர். பக்கத்தில் மனிதவளப் பிரிவு அம்மா, மலாய்க்காரர். ஓரத்தில் பாதுகாப்பு அதிகாரி, தமிழர், என் தம்பி வயதிருக்கும். குற்றச்சாட்டு எழுதியவர் அவர்தான். என்னைக் கூப்பிட்டதும் நான் காகிதத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு படமாகக் கைவைத்துச் சொன்னேன். மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "படத்த உங்களுக்கு வேண்டிய எடத்துக்கு நகர்த்திட்டீங்க. அப்படி நகர்த்துனா யாரு வேணாலும் யாரையும் காப்பாத்தலாம் லா."

நியாயமான கேள்விதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மடிக்கணினியைத் திறந்து கறுப்புத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். "நான் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியா நகர்த்தல. நாலுக்கும் சேத்து ஒரே ஒரு நம்பர்தான். நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க" என்றேன்.

மேனேஜர் பத்து நிமிடம் என்றார். தட்டினேன். டோல் தடுப்புக்கு முன்னால் லோரி நாற்பதில் ஓடியது. அரை மணி நேரம் என்றார். கொட்டாவி விடுகிற ஆளுக்கு முன்னால் எழுபது. மனிதவள அம்மாவுக்கு ஆர்வம் வந்து, முன்னால் தள்ளாமல் பின்னால் தள்ளினால் என்ன என்று கேட்டார். யார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே லோரி டோலில் நின்றது. பாதுகாப்பு அதிகாரி தன் பங்குக்கு இரண்டு எண் சொன்னார். அவசரத்தில் ஒன்றைத் தப்பாகத் தட்டிவிட்டேன், திரையில் பிழை என்று வந்தது. திருத்தித் தட்டினேன். அதுவும் பொருந்தவில்லை. கடைசியாக என் எண்ணைக் கொடுத்தேன். நான்கும் பள்ளத்தில் விழுந்தன.

மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்து, சரி, கடிகாரம் ஏன் அப்படி இருந்தது என்று மலாயில் கேட்டார்.

அவர் மேசையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். நானே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன், மனிதவள அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பேசாமலே இருந்துவிடுவார், வீம்புக்கு வேலையை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

கடைசியில் சொன்னார். நட்சத்திரம், நாள், சூரியன் என்று எதற்கும் அவருக்கு மலாய் வரவில்லை. இந்தியர்களுக்குத் தினமும் ஒரு கெட்ட நேரம் உண்டு, மனைவி அதற்கு முன்னால் கிளம்பச் சொல்வாள், முடியாது, அதனால் கடிகாரத்தைத் தள்ளி வைத்துப் படம் அனுப்புவேன் என்று திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். மேனேஜர் முதலில் சிரித்தார். "தாக்குட் பினி" என்றார், பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று அர்த்தம். மனிதவள அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரரின் காது மடல் சிவந்துபோயிருந்தது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் என்றிருந்தது, எனக்காகவும் அவருக்காகவும்.

பாதுகாப்பு அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, அண்ணே உங்களையே இவ்வளவு நாளா ஏமாத்தியிருக்காரு. கட்டுன பொண்டாட்டிகிட்டயே பொய் சொல்றவரு. இப்ப எங்ககிட்ட மட்டும் உண்மை சொல்றாருன்னு நான் எப்படி நம்பறது?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பொய் சொன்னா என்கிட்ட மட்டும்தான் சொல்லுவாரு தம்பி" என்றேன். "நான் பயந்துக்குவேன்னு சொல்லுவாரு. உங்ககிட்ட சொல்றதுக்கு அவருக்கு என்ன இருக்கு? நீங்க யாரு அவருக்கு?"

மற்ற இருவரும் என்ன என்று கேட்டதால் அதையே மலாயில் சொன்னேன்.

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். கான்டீன் பெஞ்சில் ஆளுக்கொரு கோப்பை தே தாரிக் முன்னால் ஆறிக்கொண்டிருக்க, டிப்போவில் லோரிகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பாதுகாப்பு அதிகாரியே வெளியே வந்தார். குற்றச்சாட்டு நிற்கவில்லை என்றார். அந்த அம்மாவின் மகனிடம் தானே பேசி விளக்குகிறேன் என்றும், நாளையிலிருந்து அண்ணன் வேலைக்கு வரலாம் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினேன்.

ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது வெயில் மண்டையைப் பிளந்தது.

"இனிமே எனக்கும் அந்தப் பொய் வேணாம்ங்க" என்றேன். "எதுவா இருந்தாலும் உள்ளத சொல்லிடுங்க. நான் பயந்தாப் பயந்துட்டுப் போறேன்."

"சரி" என்றார். அப்புறம் நின்றார். "நான் ஒன்னு கேட்டா நீயும் உள்ளத சொல்லுவியா?"

"கேளுங்க."

"நேத்து அந்தப் பொம்பளையத் தூக்குனேன்னு சொன்னேனே. படமெல்லாம் நகந்து சரியா வர்றதுக்கு முன்னால. அப்ப நீ என்னைய நம்புனியா?"

அறைக்குள் மூன்று பேருக்கு முன்னால் அவ்வளவு தைரியமாகப் பேசின வாய்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாக ரயில் ஏறியிருப்பார்.

"நம்பலங்க" என்றேன்.